வெட்டுப்பட்டவன் வீட்டில் மஸ்தூரா

மலையடிவாரத்து லோக் பினுவாங் கிராமத்தில் மஸ்தூரா ரப்பர் பால் எடுத்துப் பிழைத்தாள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. தாய் தகப்பன் போனபின் தம்பி ஜர்காசியை வளர்த்தது அவள்தான். தன் வயிற்றில் பிறந்தவனைப் போல அவனுக்குக் கறி எடுத்து வைப்பாள், அடிப்பாள், அவனுக்காக ஊரோடு சண்டை போடுவாள். அவனுக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அது டுரியான் பழப் பருவம். பழம் விழுகிற சத்தத்துக்குக் காது கொடுத்தபடி ஆண்களெல்லாம் தோட்டத்துக் குடிசைகளில் கிடந்தார்கள். ஜர்காசியின் தோட்டத்து எல்லையில் நின்ற மரத்திலிருந்து ஒரு பழம் விழுந்து பஹ்ருனியின் பக்கம் உருண்டது. பஹ்ருனி அதை எடுத்துக்கொண்டான்.

"எங்கப்பா நட்ட மரம்டா அது. கீழ வை" என்றான் ஜர்காசி.

"உங்கப்பா நட்டதுன்னா எங்க பக்கம் ஏன்டா சாயுது? மரத்துக்கே உன்னைப் பிடிக்கல போல."

குடிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பழம் போனதைக்கூட ஜர்காசி பொறுத்திருப்பான், அந்தச் சிரிப்பைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. இடுப்பில் செருகியிருந்த வெட்டுக்கத்தியை உருவி வீசினான். தலைக்கு வந்த வீச்சைப் பஹ்ருனி வலது கையால் தடுத்தான். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு தெரிந்தது.

ஜர்காசி மலைப்பக்கம் ஓடிவிட்டான். மஸ்தூராவுக்குச் செய்தி வந்துசேர்ந்த கையோடு, மரக்கால்கள்மேல் நின்ற அவள் வீட்டு ஏணிக்குக் கீழே கஸ்புல் வந்து நின்றார். பஹ்ருனியின் அண்ணன் அவர், அதிகம் பேசாத மனிதர்.

"எங்க அவன்?"

"இங்க வரல, அண்ணே. மேல வந்து பாத்துக்கங்க."

"உன் வீட்டுக்குள்ள நான் எதுக்கு வரணும்? அவன் வெளிய வருவான்ல. ஒரு கைக்கு ஒரு கை. இமாமுக்கும் இதையே சொல்லிட்டுதான் வந்தேன்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "டவுனுக்குப் போயிடு" என்று சிலர் ஜன்னல் வழியாகப் புத்தி சொன்னார்கள். மஸ்தூரா போகவில்லை. மறுநாள் காலை விரால் மீன் வாங்கி மஞ்சள் போட்டு ரசம் வைத்தாள். அறுபட்ட சதை சேர விராலுக்கு மிஞ்சிய மருந்து அந்த ஊரில் கிடையாது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வீட்டுக்கு வந்திருந்த பஹ்ருனிக்கு அதை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஏணியேறிப் போய்த் தூக்குச்சட்டியை நீட்டினாள்.

பஹ்ருனியின் மனைவி சலாசியா தூக்குச்சட்டியை வாங்கி, மூடியைத் திறந்து, அவள் கண்ணெதிரே கோழிகளுக்குக் கவிழ்த்தாள்.

"உன் தம்பி வெட்டுவான், நீ சோறு ஊட்டுவியா? போ."

மஸ்தூரா சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். கோழிகள்தான் தின்றன. கஸ்புல் உறவுக்காரப் பையன்களோடு மலையில் ஜர்காசியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர்கள் செடிகளை வெட்டிப் போன பாதை ஆற்றங்கரையிலிருந்தே தெரிந்தது. ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

ஒருநாள் அவள் போனபோது சலாசியாவே வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, உடம்பு நெருப்பாக் கொதிக்குது. கை வீங்கிப்போச்சு. ஏதேதோ பேசறாரு. வீட்ல ஆம்பளை ஒருத்தரும் இல்ல."

கட்டைப் பிரித்ததும் நாற்றம் அடித்தது. மஸ்தூரா அந்த வீட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். பஹ்ருனியை நடுவில் உட்காரவைத்து, சலாசியா பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, ஒரு கைலியால் அவனைத் தன் முதுகோடு கட்டிக்கொண்டு ஓட்டினாள். அவன் நெற்றி அவள் கழுத்தில் சுட்டது.

மரப்பாலத்துக்கு அந்தப் பக்கம் கஸ்புல் வந்துகொண்டிருந்தார், கையில் வெட்டுக்கத்தியோடு. நடுப்பாதையில் நின்றார்.

"என் தம்பிய எங்க கொண்டு போற? இறங்கு."

"இறங்க மாட்டேன், அண்ணே. இறங்கினா இவரு விழுந்துருவாரு."

கஸ்புல் நகரவில்லை. கத்தி பிடித்த கையின் நரம்பு புடைத்திருந்தது. பின்னாலிருந்து சலாசியா சொன்னாள்:

"வழிய விடுங்க மச்சான். வெட்டணும்னா நாங்க திரும்பி வந்ததும் வெட்டுங்க."

அவர் ஒதுங்கினார். பிறகு தன் வண்டியில் அவர்களைத் தொடர்ந்தார். டவுன்வரை அந்த வண்டிச் சத்தம் மஸ்தூராவின் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் தையலைப் பிரித்துச் சீழை எடுத்தார். கை தப்பிவிடும், விரல் மடங்குமா என்று சொல்ல முடியாது என்றார். வராந்தாவில் கஸ்புலும் மஸ்தூராவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"அவன் இருக்கிற இடம் உனக்குத் தெரியும்" என்றார் அவர்.

"தெரியும்."

"சொல்ல மாட்டே."

"கூட்டிட்டு வரேன். பள்ளிவாசல்ல வச்சுப் பேசி முடிப்போம். கத்திய வீட்ல வச்சுட்டு வாங்க."

"வைக்க மாட்டேன்."

"அப்ப உங்க பக்கத்துல நான் உக்காருவேன்."

மஸ்தூரா மலையேறிப் போனபோது ஜர்காசி பாறை இடுக்கு ஒன்றில் கிடந்தான். வர மாட்டேன் என்றான், அழுதான், கிழக்கே எங்கேயாவது போய்விடுகிறேன் என்றான். "நீ போனா அவங்க என் வீட்டுக்கு வருவாங்க. வெட்டும்போது இருந்த தைரியம் இப்ப எங்கடா போச்சு?" என்றாள் மஸ்தூரா. பிறகு தானே அவனுக்கு முகம் கழுவிவிட்டாள்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஊர் கூடியது. மஸ்தூரா ஆண்கள் வரிசையில் கஸ்புலின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள். "பொம்பளைங்க பக்கம் போம்மா" என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் வாங்கவில்லை. ஜர்காசி உள்ளே வந்தான். கஸ்புலின் கை சட்டைக்குள் போனது. மஸ்தூரா அந்த முழங்கையைப் பிடித்தாள். அவர் உதறினார். விடாமல் மறுபடி பிடித்தாள். இமாமின் பேச்சு பாதியில் நின்றது.

கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டிருந்த பஹ்ருனி வாய் திறந்தான். "அண்ணே, என் கை போச்சு. இவன் கையையும் எடுத்துட்டா என் மரத்துல பால் எடுக்கறது யாரு? நீங்களா? உங்களுக்கு இடுப்பு வலி."

யாரும் சிரிக்கவில்லை. கஸ்புல் கையை வெளியே எடுத்தார். அது வெறுங்கையாக இருந்தது.

பஹ்ருனியின் கை தேறும்வரை அவன் மரங்களில் ஜர்காசி பால் எடுப்பது என்று முடிவானது. பகை தீர்க்கும் ஊர் வழக்கப்படி இமாம் அரிசிமாவு கரைத்த தண்ணீரை இலைக்கொத்தால் எல்லார் தலையிலும் தெளித்தார். இனி இரண்டு வீடும் உடன்பிறப்பு. கஸ்புலும் தலையைக் குனிந்தார். ஆனால் ஜர்காசி நீட்டிய கையை அவர் தொடவில்லை.

மழைக்காலம்வரை ஜர்காசி ஒழுங்காகத்தான் வேலை செய்தான். பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். டீக்கடையில்தான் மஸ்தூராவுக்கு அது தெரிந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு, பால் சீவும் கத்தியோடு நேரே பஹ்ருனியின் தோட்டத்துக்குப் போனாள். சற்று நேரத்தில் கஸ்புல் வந்து பாதையில் நின்றார்.

"ஓடிட்டானா?"

"ஓடிட்டான்."

"நீ எதுக்கு வந்தே?"

"உடன்பிறப்புன்னு எனக்கும்தானே தண்ணி தெளிச்சாங்க."

அவர் பால் வாளியை எடுத்துக்கொண்டு கடைசி வரிசை மரங்களுக்கு நடந்தார்.

பஹ்ருனியின் விரல்கள் கடைசிவரை சரியாக மடங்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன, மஸ்தூரா தன் மரங்களை முடித்துவிட்டு இன்றும் அவன் மரங்களுக்குப் போகிறாள். நோன்புப் பெருநாளுக்கு ஜர்காசி ஊருக்கு வந்தால் சலாசியா அவனை உட்காரவைத்துச் சோறு போடுகிறாள். கஸ்புல் அந்த நேரம் பார்த்து ஆற்றுக்குக் குளிக்கப் போய்விடுவார்.