கருப்பட்டிக்குள் செருப்பு வாடை

உடன்குடியில் அத்தை பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையான விடிலிக்குள் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிய பாகு இறுகியதும் அத்தை அதைக் கவிழ்த்துத் தட்டினாள். கருப்பட்டி பாதிதான் விழுந்தது, மீதி சிரட்டையிலேயே ஒட்டிக்கொண்டது. வளைகிற அச்சாக இருந்தால் பின்னால் அழுத்திப் பிதுக்கி எடுத்துவிடலாமே!

பாலிமர் டிப்ளமோ முடித்த சூடு எனக்கு. வள்ளியூரில், ரப்பர்போல வளையும் பிளாஸ்டிக்கை உருக்கிச் செருப்பின் அடிப்பாகம் வார்க்கும் பட்டறைக்கு ஓடினேன்.

"சூடு தாங்குமா அண்ணாச்சி?"

"என்ன தம்பி, சித்திரை வெயில்ல தார் ரோட்டுல ஊரே இதைப் போட்டுத்தானே நடக்குது!"

அங்கேயே அச்சு வார்த்தேன். கொதிநீரில் முக்கி எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் தொளதொளத்தது, அவ்வளவுதான். பதநீர்க் காலம் முடியும் தறுவாயிலும் அத்தை என்னை நம்பி ஒரு சட்டிப் பாகைக் கொடுத்தாள்.

ஊற்றியதும் அச்சுகள் வயிறு தள்ளிச் சரிந்தன. உள்பக்கம் பிசுபிசுத்துப் பாகோடு இழைந்தது. குப்பென்று ஒரு வாடை. மழையில் நனைந்த புதுச்செருப்பை அடுப்பில் காய வைத்ததுபோல.

தண்ணீருக்கும் பாகுக்கும் ஒரே சூடா? பாகு அதைவிட அதிகச் சூட்டில் கொதிக்கும், பைய ஆறும். இந்தச் செருப்பு ரகத்தில் ரப்பரைப் பிடித்து நிறுத்தும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் முடிச்சுகளோ கொதிநீர்ச் சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். இவ்வளவு படித்துவிட்டு நான் செருப்பை நம்பியிருக்கிறேன்.

அத்தைக்கு எதையும் கொட்ட மனசு வராது. அந்தக் கருப்பட்டியிலேயே காப்பி போட்டாள். ஒரு வாய்தான். நாக்கில் வழவழவென்று ரப்பர் படிந்தது. வெளியே ஓடித் துப்பினேன், மறுபடியும் துப்பினேன்.

பனையிலிருந்து இறங்கி வந்த மாமா சிரித்தார். "ஏலே மருமவனே, நாய்கூட மோந்து பாத்துட்டுப் போவுதுலே!"

அத்தை சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு சட்டி தாரேன். அதுவும் கெட்டுதுன்னா அச்சு கிச்சுன்னு இங்கன வரப்படாது, ஆமா."

பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்குக்குள் வெந்து இறுகிய ரப்பர் கலந்த ரகம் இன்னும் சூடு தாங்கும். பாலியெஸ்டர் ரகம் அதையும் மிஞ்சும். இரண்டிலும் கொஞ்சம் குருணை அனுப்பச் சொல்லி மதராஸில் வேலை பார்க்கும் நண்பனுக்கு எழுதிப் போட்டேன். வந்ததும் முதல் வேலை, ரகத்துக்கொரு துண்டு உருக்கி வார்த்து, கம்பியில் கட்டி, தனியே கரண்டியளவு கொதிக்கும் பாகில் ஆறும்வரை தொங்கவிடுவது. பிறகு அந்தப் பாகை நானே நக்கிப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் அத்தையிடம் சட்டி கேட்பேன்.