பத்து மணி மூன்று நிமிடம்

யாமல் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். கணினி நிரலுக்கு வேண்டிய விவரங்களை எழுதிவைக்கும் ஒரு கோப்பு வகை அது. நிரல் தெரியாதவரும் திறந்து படிக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. ஒரு பெயர், முக்காற்புள்ளி, அதற்கான விவரம், அவ்வளவுதான். மேற்கோள்குறிகூடக் கட்டாயமில்லை. எங்கள் தொழிலில் இதைப் புகழாத ஆள் குறைவு. நான் காறித் துப்புகிற கட்சி.

வண்ணார்பேட்டையில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். ஒரு ஸ்கேன் சென்டருக்காக, நோயாளிகளின் செல்போனுக்கு வரவேண்டிய நேரத்தை அனுப்பும் நிரலைச் செய்துகொடுத்தோம். எழுதியவர் எங்கள் முதலாளி. பெங்களூரில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர். அந்த மிதப்பு இன்னும் இறங்கவில்லை. நேரங்களை யாமல் கோப்பில் வைத்து, அதை ஸ்கேன் சென்டர் வரவேற்பில் இருந்த அக்காவிடம் ஒப்படைத்தார்.

"மனுஷன் வாசிக்குத மாதிரி இருக்குல்லா? இனி நேரத்த மாத்தணும்னா நம்மள கூப்பிட மாட்டாவ," என்றார் என்னிடம்.

10.15, 10.45 என்று போட்டுச் சோதித்தார். சரியாகவே வந்தது. அதோடு சோதனை முடிந்தது.

அந்த அக்கா ஊரின் மறுகோடியில் இருக்கும் பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். அவர் வேலையை நம்பித்தான் வீடு ஓடியது. அங்கே பத்து நிமிடத்துக்கு ஒருவருக்கு ஸ்கேன். பத்தரையை எல்லோரும் எழுதுவதுபோல 10.30 என்று எழுதினார். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தானே போடுகிறோம். யாமல் அதை நேரமாகப் பார்க்கவில்லை, தசம எண்ணாக எடுத்துக்கொண்டது. கடைசியில் இருக்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை என்று அதை விட்டுவிட்டு 10.3 ஆக்கியது. புள்ளிக்குப் பின்னால் மிஞ்சிய மூன்றை எங்கள் நிரல் நிமிடமாக எடுத்துக்கொண்டது. பத்தரைக்கு வரவேண்டியவருக்குப் பத்து மணி மூன்று நிமிடம் என்று செய்தி போனது. பத்து ஐம்பதுக்காரருக்குப் பத்து மணி ஐந்து நிமிடம்.

வயிற்று ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரவேண்டும். மறுநாள் பத்திலிருந்து பதினொன்றுக்குள் வரவேண்டிய அத்தனை பேரும் பத்து மணிக்கே அப்படியே ஒன்றாக வந்து நின்றார்கள். போன் வந்து நான் ஓடியபோது, ஒரு கர்ப்பிணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேரன்மகாதேவியிலிருந்து வந்த பெரியவர் வேட்டியை நனைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். கழிப்பறை வாசலில் சண்டை. மூத்திர நாற்றம் வரவேற்பு மேசைவரை அடித்தது. அக்காதான் வாளியை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோப்பைத் திறந்தேன். 10.30 என்றே இருந்தது. மனுஷன் படித்தால் சரி. இது எண் இல்லை, வெறும் எழுத்து என்று யாமலுக்குத் தெரிய இரண்டு பக்கமும் மேற்கோள்குறி போட்டதும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. இதற்காகவா இந்த அசிங்கம்?

சென்டர் உரிமையாளர் யார் தப்பு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், என் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த முதலாளி முந்திக்கொண்டார்.

"தட்டுனது அந்த அம்மா. நம்ம புரோகிராம்ல ஒரு குறையும் கிடையாது."

குறை எங்களுடையதுதான் என்று நான் விளக்கினேன். உரிமையாளருக்குத் தசமப் புள்ளியைப் பற்றிக் கேட்கப் பொறுமையில்லை. சாயங்காலமே அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "பத்தரைய எல்லாரும் இப்படித்தான எழுதுவாவ தம்பி? நான் என்ன தப்பா எழுதிட்டேன்?"

ஒன்றும் தப்பில்லை அக்கா என்றேன். அதை வைத்து அவர் என்ன செய்வார்?

அன்றிரவு முதலாளியிடமிருந்து எல்லோருக்கும் வாட்ஸப் வந்தது. இன்னொரு ஸ்கேன் சென்டர் கேட்டிருக்கிறதாம், நாளைக் காலை 10.30க்குக் கூட்டம். புள்ளி வைத்துத்தான் எழுதியிருந்தார். எங்களில் ஒருவர்கூடப் பத்து மணி மூன்று நிமிடத்துக்குப் போகவில்லை. பத்தரைக்குப் போய் உட்கார்ந்தோம். அவரும் பத்தரைக்குத்தான் வந்தார்.