தம்பிக்கு நான் விட்ட சொட்டு மருந்து

தம்பிக்கு ஆறு வயதானபோது அவன் கண்கள் சிவக்கத் தொடங்கின. காலையில் இமைகள் ஒட்டிக் கிடக்கும். பிரித்தால் நூல்போலப் பீளை இழுபடும். பலாபத்வலச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வெயில் தாங்காமல் என் முதுகுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொள்வான். கசக்காதே என்று கையைப் பிடித்தால் தோளில் கண்ணைத் தேய்ப்பான். பள்ளிக்கூடத்தில் அவனைத் தனி வாங்கில் உட்கார வைத்தார்கள். என்னைக் ‘கண்நோய்க்காரன் அக்கா’ என்றார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அவனுக்காக அழுதேன் என்றுதான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். பாதி எனக்காகவும்தான் அழுதேன்.

அம்மா எங்கள் இருவரையும் மாத்தளைக்குக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டொக்டரம்மா தம்பியின் இமையைப் புரட்டிப் பார்த்தார்.

“இது தொத்துற நோய் இல்ல. ஒடம்புக்குக் காவலா இருக்கிற வெள்ளை அணுக்கள், தூசியையும் பூந்தாதுவையும் எதிரின்னு நெனச்சு கண்ணுல வந்து கூடுது. அதுங்க போடுற சண்டையில கண்ணுதான் புண்ணாகுது. இந்த மருந்து அதுங்களை அடக்கும். ஆனா ரெண்டு கிழமைக்கு மேல விடக் கூடாது. திரும்பக் கூட்டிட்டு வாங்க.”

மூன்றாம் நாளே கண்கள் வெளுத்துவிட்டன. தம்பி வெயிலில் ஓடினான். சொன்ன இரண்டு கிழமை, பதினாலு நாள், ஆனதும் அம்மா மருந்தை நிறுத்தினார். அடுத்த மாதமே கண்கள் மறுபடி சிவந்தன.

அப்பா கொழும்பில் வேலை செய்தார். அம்மா விடியும் முன்பே மிளகு ஸ்டோருக்கு வேலைக்குப் போய்விடுவார். தம்பியைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்துவது நான்தான். ஒருநாள் வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு சந்திப் பாமசிக்குப் போனேன். டொக்டர் எழுதின துண்டு எங்கே என்று அங்கே யாரும் கேட்கவில்லை. புதுப் போத்தல் கிடைத்தது.

“யாரு வாங்கினாங்க?” என்று தம்பி கேட்டான்.

“அம்மா குடுத்தாங்க. பேசாம மேல பாரு.”

அந்த அணுக்களை அடக்கினால் நல்லதுதானே, அடக்கியே வைப்போம் என்பது என் கணக்கு. போத்தல் தீரத் தீர வாங்கி, அம்மாவுக்குத் தெரியாமல் ஒன்றரை வருடம் விட்டேன். மகனுக்குக் குணமாகிவிட்டது என்று அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார். கிளினிக்குக்குப் போவதும் நின்றுபோனது.

பிறகு தம்பி இடப்பக்கக் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தான். இடது பக்கத்திலிருந்து எறிந்த பந்து அவனுக்குத் தெரியவில்லை. மறுபடியும் மாத்தளைக்குப் போனோம். அதே டொக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

“அந்த மருந்தை இவ்வளவு நாளும் விட்டீங்களா? கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி நரம்பு செத்துப் போச்சு. யாரு வாங்கினது?”

“அம்மாதான்,” என்றான் தம்பி.

அம்மா அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஆமாங்க டொக்டர், நாந்தான் வாங்கினேன்,” என்றார் அம்மா.

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்க டொக்டரம்மா ஏசினார். அம்மா தலையைக் குனிந்து நின்றார். பஸ்ஸிலும் வீட்டிலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் மாலை வேலையால் வந்து எப்போதும்போல எனக்குத் தலைபின்னிவிட்டார். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வலது கண்ணைக் காப்பாற்றினார்கள். இடது கண் பார்வை திரும்பவே இல்லை. தம்பி இப்போது கலேவெலயில் ஒரு கடையில் இருக்கிறான். ஆசைப்பட்ட லொறி ஓட்டும் வேலைக்கு அவனால் போக முடியவில்லை. வீட்டுக்கு வரும்போது சில நேரம் அந்தப் பேச்சு எழும்.

“நீங்க மட்டும் அந்த மருந்தை வாங்காம இருந்திருந்தா...” என்பான் அம்மாவிடம்.

அம்மா எழுந்து குசினிக்குள் போய்விடுவார். அங்கேதான் நானும் இருப்பேன், வாயைத் திறக்காமல்.

வெளுத்த கண் குணமான கண் அல்ல என்பது அன்று எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் தெரியாமல் போனது. அம்மா தன் தலையில் போட்டுக்கொண்ட பழி, அன்றைய ஏச்சோடு முடிந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.