தேத்தண்ணி குடித்த கல்

என் மனிசன் களனி ஆற்றங்கரையில் ஒரு சூளையில் செங்கல் அறுத்தார். மண் வார்க்கிற மர அச்சைக் கையில் பிடித்தால் தன்னைப்போல ஒருவன் கொழும்பிலேயே இல்லை என்பது அவருடைய நினைப்பு. அறுத்த கல் காய்வதற்குள் வெடித்தால் அது வெயிலின் குற்றம்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இரண்டாம் உலகச் சண்டை தொடங்க இன்னும் கொஞ்ச வருடம் இருந்தது. அந்த முறை ஆற்று மண் பசைபோல வந்தது. கல் அறுத்து வைத்தால் பாதி வெடித்துக் கிடக்கும். முதலாளி ஒரு சோனக முஸ்லிம், பொறுமையான மனிதர். அவரே கடைசியில், "அடுத்த அடுக்கும் வெடிச்சா அச்ச வேற ஆளுக்குக் குடுக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டார். அச்சுப் போனால் என் மனிசனுக்கு வேறு தொழில் தெரியாது.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கோப்பை கழுவினேன். தேயிலைச் சக்கையைப் பின்வளவில் கொட்டுவதும் என் வேலை. வெயிலுக்கு வளவு மண் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சக்கை மிதிபட்டுக் கலந்த இடம் மட்டும் வெடிக்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு வீட்டில் மெதுவாகச் சொன்னேன்.

"கல்லுக்குத் தேத்தண்ணியா? பிளேன்டீயா, பால் போட்டதா?" என்றார்.

"சக்கை" என்றேன்.

"அப்ப வடையும் கொண்டுவா. வெறும் வயித்தில குடிக்காது."

ஆனால் அடுத்த நாள் என்னிடம் சக்கை வாளியை வாங்கிக்கொண்டுதான் போனார். போனவர், கோப்பைகளில் மிஞ்சிய பாலும் சீனியும் ஊறிய சக்கையை அப்படியே மண்ணில் கவிழ்த்து, மிதித்து, அறுத்துவிட்டார். மத்தியானத்துக்குள் முகத்துவாரத்து எறும்பெல்லாம் சூளைக்கு வந்துவிட்டது. பக்கத்து அச்சுக்காரர், "அண்ணே, உங்கட கல்ல எறும்பு தூக்கிக்கொண்டு போகுது, வண்டி தேவையில்ல" என்றாராம். முதலாளி காணுமுன் அந்தக் கல்லையெல்லாம் திரும்ப மிதித்து மண்ணாக்கிவிட்டு என் மனிசன் வீட்டுக்கு வந்தார். எறும்பு கடித்த காலுக்கு எண்ணெய் கொடுத்தேன். பூசிக்கொண்டு எறும்பைத் திட்டினார்.

பிறகு நானே செய்தேன். சக்கையை மூன்று தண்ணீரில் அலசி, சாக்கில் காயவைத்து, கையால் நொறுக்கினேன். கடை பூட்டிய ஞாயிற்றுக்கிழமை சூளைக்குப் போய், தகரப் பேணியால் மண்ணையும் சக்கையையும் அளந்து போட்டேன். அவர் மிதித்தார். மிதிக்கிறபோது ஊரில் உள்ள பகிடியும் கேலியும் எல்லாம் விட்டார்.

அந்த அடுக்கில் ஒரு கல்லும் வெடிக்கவில்லை. சூளையில் சக்கை எரிந்துபோக, கல்லுக்குள் ஊசிக்கண் போலத் துளைகள் இருந்தன. தூக்கினால் கனமும் குறைவு. முதலாளி இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிக் கேட்டார். பிறகு ஒன்றைக் கீழே போட்டுப் பார்த்தார். அது உடையவில்லை. நான் சோற்றுப் பொதியோடு கல் அடுக்குக்குப் பின்னால் நின்றேன்.

"ஆருட யோசன இது?"

"என்ர யோசனைதான், முதலாளி" என்றார் என் மனிசன், கண்ணைக்கூட இமைக்காமல்.

"நல்லம். மத்த அச்சுக்காரருக்கும் சொல்லிக் குடு. எத்தன பங்கு மண்ணுக்கு எத்தன பங்கு சக்க?"

என் மனிசன் வானத்தைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார்.

"அது மண்ணைப் பொறுத்தது, முதலாளி."

"இந்த மண்ணுக்கு?"

வேறு வழியில்லாமல் அடுக்குக்குப் பின்னால் எட்டி, "இஞ்சேர், நாங்கள் எத்தனை போட்டனாங்கள்?" என்றார். 'நாங்கள்' என்ற சொல் அவர் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

அந்நிய ஆம்பிளைகள் முன்னால் நான் வாய் திறந்ததில்லை. சோற்றுப் பொதியைப் பார்த்துக்கொண்டே, "பன்னிரண்டு பேணி மண்ணுக்கு ஒரு பேணி சக்கை. கூடப் போட்டா கல்லு உதிரும்" என்றேன்.

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, அச்சு இவன்ட கையிலேயே இருக்கட்டும்" என்றார். "பேணிய நீங்க வெச்சிக்கொள்ளுங்க மகள். நாளைக்கே வேலைக்கு வாங்க."

அடுத்த நாள் நான் கடைக்குப் போகாமல் என் மனிசனோடு சூளைக்குப் போனேன். வழியில் யாராவது கேட்டால், அவருக்குச் சோறு கொண்டுபோகிறேன் என்று சொல்லச் சொன்னார்.