கொதித்து ஆறிய தண்ணீர்

முப்பத்தொரு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு கேட்க ஆள் இல்லை. அதனால் வீட்டில் அகப்பட்ட என் மனைவிக்கும் அவளுடைய மீன் தொட்டிக்கும் பாடம் எடுக்கத் தொடங்கினேன்.

முழங்கால் வலியால் வெளியே போவது குறைந்தபோது அவள் வாங்கிய தங்கமீன்கள் அவை. நான்கு. மூன்று வருடமாக வளர்த்தாள். குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைப்பாள். மறுநாள் தொட்டியில் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, புதியதைச் சொம்பால் உயரத்திலிருந்து ஊற்றுவாள். மூலையில் காற்று பம்ப் ஓயாமல் குமிழி விடும்.

பம்ப் சத்தம் என் மதியத் தூக்கத்துக்கு இடைஞ்சல். வாளி நான் படித்த வேதியியலுக்கு இடைஞ்சல்.

"குளோரின் போகணும்னா தண்ணியக் கொதிக்க வைக்கணும். உனக்கு இதெல்லாம் புரியாது."

"மூணு வருசமா அதுங்க என்ன வெந்நீர்லயா இருந்துச்சுங்க?"

போன சித்திரையில் அரூரில் அவள் தங்கை வீட்டு விசேஷம். ஒரு ராத்திரி தங்கப் போனாள். அவள் பஸ் ஏறியதும் நான் அண்டாவை அடுப்பில் ஏற்றினேன். கொதிக்க வைத்து, தூசி விழாமல் இறுக்க மூடி ஆற வைத்து, தொட்டியில் பாதிக்கு மேல் மாற்றினேன். சத்தம் வராமல் மெதுவாக ஊற்றினேன். பம்பையும் நிறுத்தினேன். நல்ல தூக்கம்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"மீனுங்க எப்படி இருக்குதுங்க?"

"மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. பசி போல."

"பசி இல்லீங்க, மூச்சு முட்டுது. பம்பு ஓடுதா பாருங்க."

"ஓடுது" என்றேன்.

போனை வைத்ததும் பம்பைப் போட்டிருக்கலாம். சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்பு படித்தவள் சொல்லிப் போட்டதாக ஆகிவிடக் கூடாதே! இன்னும் இரண்டு சிட்டிகை தீனி தூவிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

சாயங்காலம் அவள் வந்தபோது மூன்று மீன்கள் மல்லாந்து மிதந்தன. ஒன்று தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகத் தொட்டிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தொட்டித் தண்ணீரையே சொம்பில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஒன்று பிழைத்தது.

"தீனியில ஏதோ கலப்படம்" என்றேன். அதோடு விட்டேனா? தீனி விற்ற கடைக்காரனைக் கேட்காமல் விடுவதில்லை என்று, வலிக்கும் காலோடு அவளையும் பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்குப் பஸ்ஸில் இழுத்துப் போனேன்.

கடைக்காரர் எழுந்து நின்றார். என்னிடம் படித்தவராம். தலை நரைத்துவிட்டது.

"என்ன தண்ணி சார் ஊத்துனீங்க?"

"கொதிக்க வச்சு, மூடி ஆற வச்ச சுத்தமான தண்ணி."

அவர் சிரிப்பை அடக்கினார். "சார், அந்த ஆணி சோதனை! கொதிச்சு ஆறுன தண்ணி, மேல எண்ணெய், உள்ள ஆணி. தண்ணியில கரைஞ்ச காத்தெல்லாம் போயிருச்சு, அதான் துருப்பிடிக்கலன்னு சொல்லுவீங்க. அத நான் மாத்தி எழுதிட்டு உங்க கையால அடி வாங்கியிருக்கேன் சார்."

"பம்பு ஓடிட்டுத்தான் இருந்துச்சாம் தம்பி" என்றாள் மனைவி.

"ஓடியிருந்தா காத்து திரும்பக் கலந்திருக்குமே அம்மா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தீனிப் பொட்டலத்தின் பின்பக்கத்தை மிகக் கவனமாகப் படித்தேன்.

திரும்பும் பஸ்ஸில், பாதி வழி தாண்டியதும் சொன்னேன். "பம்பு ஓடல. நான்தான் நிறுத்தியிருந்தேன். போன்ல சொன்னது பொய்."

"தெரியுமுங்க. வந்ததும் சுவிட்சப் போட்டது நான்தானே."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். தர்மபுரி வரைக்கும் போய்ட்டு வர வேண்டியதாப் போச்சு."

மன்னிப்புக் கேட்டேன். மூன்று மீன்களுக்குப் பிறகு கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிழைத்த மீன் இன்னும் இருக்கிறது. பம்ப் இராப்பகலாக ஓடுகிறது. தண்ணீர் மாற்றும் நாளில் வாளியைத் தூக்கிக் கொடுக்க மட்டும் எனக்கு அனுமதி. சொம்பு அவள் கையில்.