அறுபது பெட்டி ஸ்ட்ரோபெரி

நாற்பத்திரண்டு வயதில் நான் மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஓர்லிகோனில் ஒரு பெரிய கடையின் மரக்கறி, பழப் பகுதியில் ஒன்பது வருடமாக வேலை. சான்றிதழ் எடுத்தால்தான் பகுதிப் பொறுப்பாளராகலாம் என்றார்கள். சனிக்கிழமை காலைகளில் வகுப்பு. சட்டம், சுகாதாரம் எல்லாம் டொய்ச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், படிக்கப் பயமாக இருந்தது. கணக்குக்கு நான் பயப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் கணிதம் படித்தவள். சோதனை எழுத முதலே நாட்டை விட்டு வரவேண்டியதாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை ஆசிரியர் திருத்திய தாள்களைத் தந்தார். கடைசிக் கணக்குக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. கேள்வி இதுதான்: ஒரு பெட்டி ஸ்ட்ரோபெரி நான்கு சுவிஸ் ஃபிராங் என்றால் நாளுக்குத் தொண்ணூறு பெட்டி விற்கும். விலையும் விற்பனையும் நேர்மாறு விகிதத்தில் மாறும். விலை ஆறு ஃபிராங் ஆனால் எத்தனை விற்கும்?

நேர்மாறு என்றால் இரண்டையும் பெருக்கி வரும் தொகை மாறாது. நான்கைத் தொண்ணூறால் பெருக்கினால் முந்நூற்று அறுபது. அதை ஆறால் வகுத்தால் அறுபது. அறுபது என்றுதான் எழுதியிருந்தேன். அவர் பக்கத்தில் நூற்று முப்பத்தைந்து என்று எழுதியிருந்தார்.

கையை உயர்த்திக் கேட்டேன். அவர் தாளைப் பார்க்கவேயில்லை.

"கேள்வியின் டொய்ச் உங்களுக்கு விளங்கியிருக்காது. வீட்டில் ஆறுதலாக, நேரமெடுத்து வாசியுங்கள்" என்றார்.

வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் காது சுட்டது. இருபது வருடத்துக்கு மேலாக இந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வதிவிட பெர்மிட் அலுவலகத்தில், டொக்டரிடம், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில். யார் பிழை விட்டாலும் பழி என் டொய்ச்சின் மேல்தான்.

நான் எழுந்து நின்றேன்.

"நேர்மாறு என்ற சொல் எனக்கு நன்றாக விளங்கும். நான் தினமும் ஸ்ட்ரோபெரி அடுக்குகிறவள். விலை கூடிய நாளில் பெட்டிகள் தட்டிலேயே கிடந்து அழுகும். நீங்கள் எழுதியபடி பார்த்தால் விலை ஏற ஏறச் சனம் கூடுதலாக வாங்குகிறது. எந்தக் கடையில்?"

"உட்காருங்கள்" என்றார்.

நான் உட்காரவில்லை. எனக்குப் பின்னால் இருந்த போர்த்துக்கல்காரி, இறைச்சிப் பகுதியில் வேலை செய்பவள், "எனக்கும் அறுபதுதான் வந்தது, அழித்துவிட்டேன்" என்றாள். அப்போதுதான் அவர் தன் விடைக்குறிப்பை எடுத்துக் கணக்கைத் தானே செய்து பார்த்தார். முகம் சிவந்தது. "விடைக்குறிப்பில் அச்சுப் பிழை. உங்கள் புள்ளியைக் கூட்டித் தருகிறேன்" என்றார்.

"என்ரை டொய்ச்?" என்று எனக்குள் தமிழில்தான் முதலில் வந்தது. பிறகு அவருடைய பாஷையில் கேட்டேன். "அப்படியானால் என் டொய்ச்சில் என்ன பிழை?"

மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, இடைவேளை என்று சொல்லி வெளியே போனார்.

வீட்டில் சொன்னபோது கணவர் சோற்றைப் பிசைந்தபடி, "புள்ளி கிடைச்சிட்டுதுதானே. நீர் ஏன் வாத்தியோட சண்டைக்குப் போறீர்?" என்றார்.

"புள்ளிக்கோ நான் நிண்டனான்? அந்தாள் மன்னிப்புக் கேக்கேல்லையப்பா."

"அவை கேக்க மாட்டினம். விடும்."

அந்த ‘விடும்’ எனக்கு ஆசிரியரின் பேச்சைவிடக் கூடக் கோபம் தந்தது. அன்று கணவரோடு கதைக்கவில்லை.

வகுப்பு முடிந்தபோது வந்த அறிக்கையில், ‘கணக்கில் திறமை உண்டு, கேள்விகளை டொய்ச்சில் விளங்கிக்கொள்வதில் கவனம் தேவை’ என்று அதே ஆள் எழுதியிருந்தார். மறுப்பு எழுத உட்கார்ந்தேன். மகள் திருத்தித் தருகிறேன் என்றாள், விடவில்லை. என் டொய்ச்சிலேயே, வகுப்பை நடத்தும் பள்ளியின் அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, அந்தத் தேர்வுத் தாளின் பிரதியையும் வைத்து அனுப்பினேன். இலக்கணப் பிழை இருந்திருக்கும். இருக்கட்டும்.

மூன்று கிழமையில் புதிய அறிக்கை வந்தது. அந்த வசனம் மட்டும் இல்லை. கூடவே கடிதமோ மன்னிப்போ எதுவும் இல்லை. அடுத்த வசந்தத்தில் பகுதிப் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கணவர் கேக் வாங்கி வந்தார். சாப்பிட்டேன். கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று எனக்கு விருப்பமும் இல்லை.