லாயத்தில் சொன்ன ‘ஸீ’

எனக்கு மேல்வரிசையில் இரண்டு பற்கள் இல்லை. ஜெர்மன் பாஷையில் ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தியதால் போனவை அவை.

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பங்களாவில் ஆயாவாக இருந்தேன். துரை ஜெர்மனிக்காரர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்கள் முதுகில் அவருடைய குதிரைச் சாட்டை விழும் சத்தம் தொட்டில் வரைக்கும் கேட்கும்.

அவர் மனைவி துரைசாணிக்கு என் வயதுதான். பேச ஆளில்லாமல் எனக்குத் தன் பாஷையைச் சொல்லிக்கொடுத்தாள். தன் நெஞ்சைத் தொட்டு ‘இஹ்’ என்பாள், நான். குழந்தையைக் காட்டி ‘டூ’, நீ. நாயும் டூ, சாமியும் டூ. துரையிடம் பேசும்போது மட்டும் நான் ‘ஸீ’ சொல்ல வேண்டும், நீங்கள். ஆனால் ‘அவள்’ என்பதற்கும் அதே ஸீதான்.

“ரெண்டும் ஒண்ணா இருந்தா எப்படிங்க வெளங்கும்?” என்றேன்.

“பின்னாலே வார்த்தை வரும். அது சொல்லும்,” என்றாள் தனக்குத் தெரிந்த தமிழில்.

ஒருநாள் அவள் குழந்தைக்குக் குதிரை காட்ட லாயத்துக்குப் போனாள். நானும் போனேன். திரும்பும்போது கதவுக்குக் கொண்டி போட மறந்துவிட்டாள். மதியத்துக்குள் குதிரை வெளியே ஓடி, பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டது. துரை அதைச் சுட்டுக் கொன்றுவிட்டு நேரே லாயத்துக்கு வந்தார். குதிரைக்காரன் என் அண்ணன். அவனைத் தூணில் கட்டச் சொல்லி அடிக்கத் தொடங்கினார். சட்டை கிழிந்தது, பிறகு தோலும் கிழிந்தது.

நான் ஓடிப்போய், “கதவத் தொறந்தது அண்ணன் இல்லீங்க துரை,” என்றேன்.

வேறு யார் என்று கேட்டார். அவர் பாஷையில் சொன்னால் நம்புவார் என்று நினைத்து, ‘அவள்’ என்று சொல்லப்போனேன். “ஸீ...” என்றேன். பயத்தில் அடுத்த வார்த்தை வரவில்லை. ‘நீங்கள்’ என்று அவரையே குற்றம் சொன்னதாக எடுத்துக்கொண்டார். சாட்டைப்பிடி என் வாயில் இறங்கியது.

சத்தம் கேட்டு வந்து நின்ற துரைசாணி, “இஹ்,” என்றாள். அவர் காதில் வாங்காததுபோல் நின்றார். மறுபடியும் சொன்னாள். அவளைக் கூந்தலோடு பிடித்துத் தலையைக் கதவு நிலையில் மோதினார். ஒருமுறை அல்ல.

வாயில் இருந்த இரத்தத்தைத் துப்பிவிட்டு, “டூ!” என்று கத்தினேன். நாயைக் கூப்பிடுகிற அதே டூ. அவர் அவளை விட்டுவிட்டு என் கழுத்தைப் பிடித்தார். எனக்குக் கண் இருட்டியது. அதற்குள் பங்களாவிலிருந்து ஓடிவந்த சமையற்காரர் அண்ணனின் கட்டை அவிழ்த்துவிட்டார். அண்ணன் கீழே கிடந்த சாட்டையை எடுத்து, துரை முழங்காலில் விழும்வரை முகத்திலேயே அடித்தான்.

பதுளைக் கோர்ட்டில் துரைசாணி நெற்றிக்கட்டோடு வந்து நடந்ததைச் சொன்னாள். ஆனாலும் அண்ணனுக்குத்தான் ஜெயில். துரையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரமே துரைசாணி அவரை விட்டுவிட்டுக் குழந்தையோடு அப்புத்தளையில் ரயிலேறினாள்.

அண்ணன் வெளியே வந்ததும் லுணுகலைப் பக்கம் வேறு தோட்டத்தில் பேர் பதிந்தோம். அவன் தேயிலை மலையில் வேலைக்குப் போனான். நான் கொழுந்து பறித்தேன்.